விமானம் போன பின்னும் நெஞ்சு அடங்கவில்லை

வாசகர் கடிதம் (சுருக்கம்): "எனக்கு 43 வயது. மியான்மரின் மோன் மாநிலத்தில், தட்டோன் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று தலைமுறையாக விவசாயம் செய்து வந்த குடும்பம் எங்களுடையது. குண்டுவீச்சு நெருங்கியதால் வீட்டைப் பூட்டிவிட்டு யாங்கோனில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம். 20 வயது மகன், கட்டாயப் படைச் சேவைச் சட்டம் வந்த பிறகு தாய்லாந்துக்குப் போய்விட்டான். 8 வயது மகள் இங்கே வந்ததிலிருந்து படுக்கையை நனைக்கிறாள். நான் இரவெல்லாம் போனில் செய்தி பார்க்கிறேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கி மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். 89 வயது அப்பாவுக்கும் பாதி கொடுக்கிறேன். கணவர் வாய் திறப்பதே இல்லை. மகளை மட்டுமாவது தமிழ்நாட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடும்படி எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? சில இரவுகளில் விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பல வாரங்களாகத் தூக்கமும் நிம்மதியும் இல்லாமல் கிடப்பவர்களுக்கு, விடியாமலே போனால் நல்லது என்ற எண்ணம் வருவதுண்டு. இந்த ஓயாத தவிப்பு நின்றால் போதும் என்ற ஏக்கமே பலருக்கும் அப்படி வெளிப்படுகிறது என்றாலும், அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்த எண்ணம் வந்து போகிறதா, அல்லது எப்படி, எப்போது என்று மனம் வழி தேடத் தொடங்கியிருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வழி தேடத் தொடங்கியிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அக்காவிடம் உள்ளதைச் சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். வந்து போகும் எண்ணம்தான் என்றாலும், வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் இன்றைக்கே அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, அன்றன்றைக்கு உரியதை மட்டும் அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி ஓர் எண்ணம் வருகிறது என்பதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேசினால் அது வளர்ந்துவிடும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். உண்மையில் மனத்துக்குள் பூட்டி வைத்த எண்ணந்தான் இரவில் பலம் பெறுகிறது, நம்பிக்கைக்கு உரிய ஒருவரிடம் சொன்ன எண்ணத்தின் வேகம் பெரும்பாலும் தணிகிறது.

இனி உங்கள் கேள்வி. உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஏவலால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, பசி அடங்கிவிடுகிறது, காது மிகச் சிறிய ஓசையையும் பிடித்துக்கொள்கிறது. ஓடிப் பிழைப்பதற்காக உடம்பிலேயே அமைந்த ஏற்பாடு இது. ஊரில் விமானச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கும் வேகத்தை உங்களுக்குக் கொடுத்ததும் இதுவே. யாங்கோனில் மின்சாரம் போனதும் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்கள் விமானமல்ல என்பது உங்கள் அறிவுக்குத் தெரியும். ஆனால் அறிவு அதைச் சரிபார்த்து முடிப்பதற்கு முன்பே, மூளையின் உட்பகுதி பழைய பாடத்தின்படி உடலை உசுப்பிவிடுகிறது. மூன்று மாதமாக அது உசுப்பிக்கொண்டே இருப்பதால்தான் களைப்பும், எரிச்சலும், ஒன்றிலும் மனம் ஒட்டாத நிலையும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2019-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஒரு கணக்கீடு, போர் நடக்கிற அல்லது அண்மையில் நடந்த பகுதிகளில் வாழ்வோரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, பதற்ற நோய், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் போன்ற ஏதேனும் ஒரு மனநோய் இருப்பதாகவும், அவர்களில் மிதமான அல்லது கடுமையான நிலையில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு என்றும் சொல்கிறது. அந்த எண்ணிக்கை சிறியதல்ல. அதே கணக்கீட்டின்படி, போருக்கு நடுவிலும் பெரும்பாலான மக்கள் துன்பப்படுகிறார்களே தவிர மனநோயில் விழுந்துவிடுவதில்லை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதை ஒரு கடிதத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. பாதுகாப்பான இடத்துக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பயம் அடங்காமல், தூக்கமும் அன்றாட வேலையும் கெட்டிருந்தால் மருத்துவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. உங்களுக்கு மூன்று மாதம் கடந்துவிட்டது. ஆகவே பார்த்தே தீர வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. சண்டை ஓயவில்லை, பூட்டிவிட்டு வந்த வீடு நிற்கிறதா என்று தெரியவில்லை, மகன் வேற்று நாட்டில் இருக்கிறான். இந்த நிலையில் ஒருவர் பயமே இல்லாமல் இருந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். நாம் செய்யக்கூடியது வேறு. இருபத்து நான்கு மணி நேரமும் விழிப்பாகக் காவல் நிற்கும் உங்கள் உடம்புக்கு, நாளில் சில மணி நேரமாவது காவலை இறக்கி வைக்க இடம் உண்டாக்கித் தர வேண்டும். கீழே சொல்லும் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே.

முதல் இடம் இரவு. இரவெல்லாம் செய்தி பார்ப்பதை, ஊர்க்காரர்களுக்கும் மகனுக்கும் செய்யும் கடமையாக நீங்கள் நினைப்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. 2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்த பிறகு நடந்த ஓர் ஆய்வில், அடுத்த ஒரு வாரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், வெடித்த இடத்திலேயே இருந்தவர்களைவிடக் கூடுதலான மன உளைச்சல் காணப்பட்டது. நீங்களோ குண்டுவீச்சையும் நேரில் அனுபவித்துவிட்டு, அதன் படங்களையும் இரவு தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எரிந்த கூரையையும் துணி போர்த்திய உடல்களையும் திரையில் காணும் ஒவ்வொரு முறையும் உங்கள் உடம்பு ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறது.

செய்தியை அடியோடு விடச் சொல்லவில்லை. நம் நிலையில் அது முடியாது, ஆபத்தும்கூட, ஏனென்றால் எந்தச் சாலை அடைபட்டது, எங்கே சோதனை நடக்கிறது என்பதெல்லாம் வாழ்க்கைக்கு வேண்டிய தகவல்கள். காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு முறை, மாலையில் விளக்கு வைப்பதற்கு முன் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்துக்குள், நீங்கள் நம்பும் ஓரிரண்டு இடங்களில் மட்டும் பாருங்கள். காணொளியைத் திறக்காமல் எழுத்தை மட்டும் படியுங்கள். இந்த ஒரு மாற்றமே பலருக்குக் கனவுகளைக் குறைக்கிறது. இருட்டிய பிறகு ஏதேனும் அவசரம் என்றால் உங்களிடம் சொல்லும் பொறுப்பை அக்காவின் கணவரிடம் கொடுங்கள். இரவில் போனைச் சமையலறையில் வைத்துவிடுங்கள். மகன் கூப்பிட்டால் மணிச் சத்தம் கேட்கட்டும். திரை மட்டும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

படுத்து நெடுநேரமாகியும் தூக்கம் வராவிட்டால் பாயில் புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்து வந்து, மங்கலான வெளிச்சத்தில், வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது போல யோசனை தேவைப்படாத ஒரு வேலையைச் செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். பிற்பகலுக்கு மேல் டீக்கடைக் கெட்டித் தேநீர் வேண்டாம். புகையிலை போட்ட வெற்றிலைப் பழக்கம் இருந்தால் அதுவும் மாலையோடு நிற்கட்டும். தூங்க முடியாதவர்கள் களைப்புக்காக மெல்லும் அந்தப் புகையிலையே அவர்களுடைய தூக்கத்தைக் கெடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாக எழுத வேண்டியிருக்கிறது. பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. மருந்துக்கடையில் தூக்கத்துக்கென்று கேட்டால் பெரும்பாலும் டயசிபாம், அல்பிரசோலம் வகையைச் சேர்ந்ததைத்தான் கொடுப்பார்கள். பேரதிர்ச்சியை அடுத்த முதல் மாதத்தில், அதனால் வரும் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ இவ்வகை மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. சில வாரங்களிலேயே உடல் இவற்றுக்குப் பழகிவிடுவதால், முன்பு அரை மாத்திரையில் வந்த தூக்கத்துக்கு ஒன்று தேவைப்படும்; பயம் அடியில் அப்படியே இருக்கும். இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாதக் கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் கடும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பே வரக்கூடும். மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், பல வாரங்களுக்குச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

அப்பாவின் காரியம் இன்னும் அவசரமானது. 89 வயதில் இந்த மாத்திரை இரவில் கழிப்பறைக்கு எழும்போது தள்ளாட வைத்து விழச் செய்யும். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் மீள்வது கடினம். நினைவுக் குழப்பமும் உண்டாகும். அவர் எவ்வளவு நாளாக, என்ன அளவில் சாப்பிடுகிறார் என்பதை இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரிடம் சொல்லி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். அதுவரை அளவைக் கூட்ட வேண்டாம். இரவில் அவர் எழும்போது யாராவது ஒருவர் கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.

மாத்திரைக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது, இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றி, மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் நரம்பு வேலை செய்யத் தொடங்குகிறது. ஐந்து நிமிடம் போதும். பயம் உச்சத்தில் இருக்கும் வேளையில் முதல் முறையாக இதை முயன்றால் பலிக்காது. காலையிலும் மாலையிலும் மனம் சற்று அடங்கியிருக்கும் நேரத்தில் பழகி வைத்தால்தான் பதறும் வேளையில் கைகொடுக்கும். இலங்கைப் போர் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மேலைநாட்டுப் பயிற்சிகளை மட்டும் நம்பாமல், நாமம் ஜபிப்பது, மூச்சுப் பயிற்சி போன்ற, மக்களுக்கு முன்பே பழகிய முறைகளைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு வெளிமூச்சிலும் முருகா என்றோ அம்மா என்றோ மனத்துக்குள் சொல்லிக்கொள்வது உங்களுக்கு இயல்பாக வருமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் கிறிஸ்தவத் தோழி ஜெபமாலை உருட்டலாம், இஸ்லாமியத் தோழி திக்ரு ஓதலாம். மூச்சு நீள்கிறது, மனம் ஒரு சொல்லில் நிற்கிறது; உடம்புக்கு வேண்டியது அதுதான்.

மகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் எழுதத் தோன்றும் இடம் இதுவே, ஏனென்றால் தவறான முடிவு ஒன்றை எடுக்கும்படி பலர் நல்ல மனத்தோடு உங்களை நெருக்குகிறார்கள்.

எட்டு வயதுப் பிள்ளை, விட்டுப்போன பழக்கம் திரும்பி வந்து படுக்கையை நனைப்பது போர்ச் சூழலில் மிகவும் சாதாரணம். விரல் சூப்புவது, தாயின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டே திரிவது, மழலை பேசுவது எல்லாம் இதே வகை. பாதுகாப்பாக இருந்த வயதுக்குப் பிள்ளையின் மனம் திரும்பிப் போய் நிற்கிறது. திட்டாதீர்கள், அக்காவின் பிள்ளைகள் கேலி செய்ய விடாதீர்கள், ஈரத் துணியை மற்றவர்கள் கண்ணில் படும்படி காயப்போடாதீர்கள். படுக்கும் முன் கழிப்பறைக்கு அழைத்துப் போய், பாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் பழைய லுங்கியும் போட்டு, பக்கத்தில் மாற்றுத் துணியும் ஒரு சிறு பேட்டரி விளக்கும் வைத்துவிட்டால், இரவில் நனைந்தாலும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுத் தூங்கலாம். இரவுப் பயம் குறையும்போது இதுவும் பெரும்பாலும் தானாகவே குறையும். ஒரு முறை மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், தொற்று இருந்தாலும் இப்படி நனைக்கலாம்.

பொம்மைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்து விமானம் வருகிறது என்று அவள் விளையாடினால், அபசகுனம் என்று தடுக்காதீர்கள். பிள்ளைகள் தாம் கண்டதை விளையாடித்தான் சீரணிக்கிறார்கள். நீங்கள் அருகில் உட்கார்ந்து, விமானம் போன பிறகு பொம்மைகள் எங்கே போகும், யார் வந்து அழைத்துப் போவார்கள், என்ன சமைத்துச் சாப்பிடுவார்கள் என்று கேட்டு, கதையை அடுத்த வேளைக்கு நகர்த்த உதவுங்கள். வாரக் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதே விளையாட்டை இறுகிய முகத்தோடு திரும்பத் திரும்ப ஆடினாலோ, பேச்சே நின்றுபோனாலோ அப்போது அவளை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்கேயும் விமானம் வருமா என்று கேட்டால், வரவே வராது என்று சத்தியம் செய்யாதீர்கள். ஒரு முறை பொய்த்தால் பிறகு உங்கள் சொல் எதையும் அவள் நம்பமாட்டாள். இப்போது இங்கே இல்லை, வந்தால் என்ன செய்வோம் என்று அம்மாவுக்குத் தெரியும் என்று சொல்லி, அதைக் காட்டிக் கொடுங்கள். அடையாள அட்டைகள், குடும்பப் பட்டியல், தாத்தாவின் மருந்து, தண்ணீர், அவளுடைய ஒரு பொம்மை ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கதவருகே வையுங்கள். யார் யாருடைய கையைப் பிடித்துக்கொள்வது என்று ஒரு முறை பேசி வையுங்கள். பையை அவளே அடுக்கட்டும். செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்போது பிள்ளையின் பயம் கைக்குள் அடங்கும் அளவுக்கு வருகிறது. பள்ளியோ, பக்கத்துக் கோவிலில் தமிழ் வகுப்போ, அக்கா வீட்டிலேயே காலையில் ஒரு மணி நேரப் பாடமோ, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒன்று நடக்க வேண்டும்.

அவளை மட்டும் தமிழ்நாட்டுக்கு அனுப்புவது பற்றி. 1964-ஆம் ஆண்டில் கடைகளையும் தொழில்களையும் இந்நாட்டு அரசு எடுத்துக்கொண்ட தேசியமயமாக்கலுக்குப் பிறகு கப்பலேறிப் போன உறவுகள் நம் வீடுகள் பலவற்றுக்கும் அங்கே உண்டு. அவர்கள் அன்போடுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் லண்டன் நகரம் குண்டுவீச்சுக்கு ஆளானபோது, குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த ஆன்னா ஃபிராய்டும் டாரத்தி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் சிறுவர் இல்லங்களை நடத்தினார்கள். தாயோடு இருந்த பிள்ளைகளைக் குண்டுச் சத்தம் பாதித்ததைக் காட்டிலும், தாயைப் பிரித்துப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பப்பட்ட சிறு பிள்ளைகளை அந்தப் பிரிவு கூடுதலாகப் பாதித்ததை அவர்கள் அங்கே கண்டார்கள். தாய் கலங்காமல் இருந்தால் பிள்ளையும் ஓரளவு கலங்காமல் இருந்தது. உங்கள் மகள் ஊரை இழந்திருக்கிறாள், அண்ணனைப் பிரிந்திருக்கிறாள். இப்போது உங்களையும் பிரித்தால், நாத்தனார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், படுக்கையை நனைத்ததற்காகத் தன்னை அனுப்பிவிட்டார்கள் என்றே எட்டு வயது மனம் கணக்குப் போடும். நீங்கள் இருக்கும் இடத்தில் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத வரை அவளை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஆபத்து வந்தால் உயிர்தான் முதலில். அப்போதும் முடிந்தால் நீங்களோ அவள் தந்தையோ உடன் போக வேண்டும். யாருமே போக முடியாது என்றால், எதற்காக, எவ்வளவு காலம், எந்த நாளில் எந்த நேரத்தில் பேசுவோம் என்பதையெல்லாம் முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டு, நேரில் வழியனுப்புங்கள். தூங்கும்போது விட்டுவிட்டு வருவது, கடைக்குப் போகிறோம் என்று சொல்லி அனுப்புவது ஒருபோதும் கூடாது.

மகன் போனதற்கு உங்களையே குற்றம் சொல்லி எழுதியிருந்தீர்கள். 2024 பிப்ரவரி 10-ஆம் தேதி கட்டாயப் படைச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டபோது, 18 முதல் 35 வரை வயதுள்ள ஆண்களும் 18 முதல் 27 வரை வயதுள்ள பெண்களும் அதன் வரம்புக்குள் வந்தார்கள். அந்த வயதில் பிள்ளை இருந்த வீடுகளில் அவசரமாக முடிவெடுக்கும்படி நேர்ந்தது. அவரவர் எடுத்த முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. உங்கள் தவிப்பின் பெரும்பகுதி அவனிடமிருந்து எப்போது தகவல் வரும் என்று தெரியாமையால் வருவது. வாரத்தில் இரண்டு நாள், அவன் வேலைக்கு ஏற்ற நேரத்தில், பேசும் வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் தப்பினால் எத்தனை நாள் வரை அதை இணைப்புக் கோளாறு என்று கொள்வது, அதற்குப் பிறகு அங்குள்ள எந்த நண்பரைக் கேட்பது என்பதை இருவரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அழுதுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். அழலாம், அதனால் அவனுக்குக் கெடுதி இல்லை. அதற்கு முன்போ பின்போ, தங்கை செய்த குறும்பு, அக்கா வீட்டுப் பூனை, நேற்று வைத்த குழம்பு என்று வீட்டுச் செய்தி இரண்டைச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவனுக்கு வீடு இன்னும் வீடாக இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அப்பா ஓயாமல் ஜப்பான்காரன் காலத்துக் கதையையே சொல்வதும், அதையே கேட்டுப் பேத்தி பயப்படுவதும் சலிப்பாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) குண்டு விழுந்ததும், அடுத்த ஆண்டு லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்தே இந்தியா போக முயன்று பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்ததும், உங்கள் மோன் மாநிலத்துத் தன்புசயாட்டில் முடிந்த, ஜப்பானியர் போட்ட மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் மாண்டதும் அவர் தலைமுறையின் நினைவுகள். இன்றைய சத்தம் அந்த நாட்களைக் கிளறிவிட்டிருக்கிறது. அவர் சொல்வது புலம்பல் இல்லை. நிறுத்தச் சொல்லாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இரவுப் படுக்கையில் வேண்டாம், பகலில் சொல்லட்டும். செத்தவர்களைப் பற்றி முடிக்கும்போது, அன்று எங்கே ஒளிந்தார்கள், யார் சோறு போட்டார்கள், திரும்பி வந்து முதலில் என்ன நட்டார்கள் என்று பேத்தியையே கேட்கச் சொல்லுங்கள். ஒரு குடும்பம் முன்பு எப்படித் தப்பியது என்ற விவரம் பிள்ளைக்குப் பிடிமானமாகிறது.

கணவரைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி. மனத்தில் உள்ளதைக் கொட்டச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஒரே அமர்வில் உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னாளைய நோய்களைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலே செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியதால் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. நிலத்தில் வேலை செய்த மனிதர் நான்கு சுவருக்குள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவருடைய நோவில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. தொட்டியில் கீரை போடுவது, அக்கா கணவரின் கடையில் மூட்டை இறக்குவது, கோவில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது என எதிலாவது அவரை இழுத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் இருங்கள். பேச்சு வந்தால் வரட்டும். குடி கூடினால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊரார் பட்டினி கிடக்கும்போது நாம் மட்டும் சாப்பிடுகிறோமே என்று உங்களை அரிக்கும் எண்ணத்துக்கும் இதே வழிதான். புதிதாக இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் உங்களால் முடிந்த அளவு சமைத்துக் கொடுங்கள். அதற்கு மேல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி மருத்துவரிடம் போவது. யாங்கோனில் உள்ள யுவாதாஜி மனநல மருத்துவமனையின் பெயரை நம் ஊரில் ஏச்சாகப் பயன்படுத்திப் பயன்படுத்தி, மனத்துக்கு மருந்து கேட்பதே மானக்கேடு என்று ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு அங்கே தங்க வேண்டிய அவசியம் எதுவும் தெரியவில்லை. பொது மருத்துவமனை ஒன்றின் மனநலப் புறநோயாளர் பிரிவோ, அதற்கும் தயக்கமாக இருந்தால் முதலில் நீங்கள் நம்பும் குடும்ப மருத்துவரோ போதும். நெஞ்சு அடைக்கிறது, உடம்பு எரிகிறது, தலை கனக்கிறது என்று மட்டும் சொன்னால் வாயு மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஆகையால், எவ்வளவு நாளாகத் தூக்கமில்லை, எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறீர்கள், என்ன கனவு வருகிறது, எந்த மாத்திரையை எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், விடியாமல் போனால் நல்லது என்ற எண்ணம் எத்தனை முறை வருகிறது என்பதைப் பர்மிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பேசும்போது தொண்டை அடைத்தால் சீட்டைக் கொடுத்துவிடலாம். ஊர் பெயரோ மகன் இருக்கும் இடமோ அதில் வேண்டாம். திரும்பியதும் கிழித்துப் போட்டுவிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். தைராய்டு மிகையானாலும், இரத்தச் சோகை இருந்தாலும் இப்படி நெஞ்சு படபடக்கும் என்பதால் அவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். மனச்சோர்வுக்கான மருந்து எழுதிக் கொடுத்தால், அது பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்களாவது ஆகும். முதல் வாரத்தில் பலனில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். அந்த நாட்களில் எண்ணங்கள் மோசமானால் காத்திராமல் மறுபடியும் போங்கள். அக்காவை உடன் அழைத்துப் போங்கள், அப்பாவின் மருந்தையும் அதே நாளில் கேட்டுவிடலாம்.